பழைய காரின் பின்பக்கக் கிரீச் சத்தம்: இடம் கண்டு சரிசெய்யும் முறை

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி ஆம்னி ஆகிய வண்டிகளின் பின் அச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைக் கட்டுகளின் துணையில் நிற்கிறது. தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் வண்டி குழியில் இறங்கி ஏறும்போது எழும் கிரீச் சத்தத்துக்கு, கழிவு எஞ்சின் ஆயிலைப் பட்டைகளின் மேல் பூசி அனுப்பிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இது சரியான வைத்தியம் அல்ல. அந்த ஆயில் சத்தத்தைச் சில நாட்கள் அடக்கினாலும், வறண்ட செம்மண் தூசியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பட்டைகளைத் தேய்க்கும் பசையாக மாறுவதோடு, இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் உறைகளான புஷ்களை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். அம்பாசடரின் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டதால், நன்றாக இருக்கும் பாகத்தைக் கெடுத்துவிட்டு மாற்றுப் பாகம் தேடி அலைவது வீண் வேலை. எந்த இடத்தில் சத்தம் பிறக்கிறது என்பதை உறுதிசெய்த பிறகே எதையும் பூச வேண்டும்.

முதலில் டிக்கியைக் காலிசெய்து, ஸ்டெப்னி, ஜாக்கி, சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஆகியவற்றை அசைத்துப் பாருங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும் நிலையிலேயே, ஒருவர் பின் பம்பருக்கு மேலே அமுக்கி அமுக்கி விட, மற்றவர் சக்கரத்தின் பக்கமாகக் குனிந்து கேட்க வேண்டும். பட்டைக் கட்டின் பின்முனையை வண்டியோடு இணைத்து அசையும் ஷேக்கிள் தகட்டின் வெளிப்புறத்தில் விரல் நுனியை வைத்தால், சத்தம் அங்கிருந்து வருமானால் நறநறவென்ற அதிர்வு விரலிலேயே தெரியும். இடுக்குகளுக்குள் மட்டும் விரலை விடக் கூடாது.

ஐயம் நீங்கவில்லை என்றால் தண்ணீரே போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, ஷேக்கிளின் மேல் புஷ், கீழ் புஷ், பட்டையின் முன்கண் (முன்முனையில் சுருட்டிய வளையம்) புஷ், ஷாக் அப்சார்பரின் இரு முனைகள், கடைசியாகப் பட்டைகளின் நுனிகள் என ஒவ்வோர் இடமாக நனைத்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிப் பாருங்கள். எங்கே நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுவே இடம். ஐப்பசி மழையில் நனைந்த அன்று மறைந்து, வெயில் அடித்ததும் திரும்பிவரும் சத்தமும் காய்ந்த ரப்பரையோ காய்ந்த பட்டையையோதான் காட்டுகிறது. ‘டொக்’ என்று இடிக்கும் சத்தம் வேறு. அது பெரும்பாலும் முற்றிலும் தேய்ந்த புஷ்ஷிலிருந்தோ தளர்ந்த ஷாக் அப்சார்பரிலிருந்தோ வரும்.

வண்டியைத் தூக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், பின்பக்கம் உயர்ந்தவுடன் அதனால் பயன் இல்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே செல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுக்கவே கூடாது. அது எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

பட்டைகளில்தான் சத்தம் என்றால், அச்சைத் தொங்கவிடும்போது அவற்றின் நுனிகள் சற்று விலகும். கம்பி பிரஷ்ஷால் துருவையும் மண்ணையும் நீக்கி, தட்டையான நெம்பியால் இடைவெளியை விரித்து, கிராஃபைட் கிரீஸை மெல்லிய ரம்ப பிளேடால் உள்ளே தள்ளுங்கள். வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு பட்டையையும் விளக்கடித்துப் பார்ப்பது அவசியம். துருவுக்கு நடுவே முடி போன்ற ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். அதை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். லாரித் தொழில் செழித்த நாமக்கல், சங்ககிரி பக்கங்களில் பட்டை வேலை தெரிந்த பட்டறைக்குப் பட்டைக் கட்டைக் கழற்றிக் கொண்டுபோய், பட்டையை மாற்றி, இரண்டு பக்கக் கட்டுகளின் வளைவையும் ஒன்றுபோல அமைத்துக்கொள்வதே நல்லது.

ஷேக்கிள் புஷ் என்றால் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில் பொருளில்லை; இரு பக்கமும் மாற்றுங்கள். பழைய புஷ் பெரும்பாலும் துண்டு துண்டாக உதிர்ந்துதான் வரும். புஷ்ஷுக்குள் செல்லும் இரும்புத் தண்டான பின்னில் நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் பின்னையும் மாற்ற வேண்டும். புதிய ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நுழைக்கலாம். தேவையானால் சிலிக்கான் கிரீஸ் பூசலாம். முன்கண் புஷ்ஷைப் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

நட்டுகளைக் கடைசியாக இறுக்கும் வேளைதான் பலர் தவறும் இடம். அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவிலேயே கிழியும். ஆகவே நட்டுகளைத் தளர்வாகப் பூட்டி, சக்கரம் தரையில் நின்று முழுப் பாரமும் ஏறிய பிறகு இறுக்குங்கள். அச்சையும் பட்டைக் கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டைக் கழற்றியிருந்தால் புதியதைப் போட்டு, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பேனரை மறுபடி வைத்துப் பாருங்கள்.