மைக்கை ஜூனியர் கையில் கொடுங்கள்

எங்கள் கல்லூரி ஊடகத் துறையில் வேலை பழக்க, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு இரண்டு முதலாண்டு மாணவர்கள் என்று பிரித்துக் கொடுப்பார்கள். முதல் வாரம் கேமராவை நானே பிடித்துக்கொண்டேன். அவர்கள் ட்ரைபாட் சுமந்ததோடு சரி.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் வேலையாக ஜூனியர் காதில் ஹெட்போனை மாட்டிவிடுங்கள். பேட்டிக்கு முன், அந்த இடத்தின் வெறும் ஓசையை 30 விநாடி பதிவு செய்யச் சொல்லுங்கள். கேன்டீனில் அப்படிச் செய்தபோதுதான் ஃபிரிட்ஜின் உறுமல் ஒரு மாணவியின் காதில் விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை. அவளே பேட்டியை வேப்பமரத்தடிக்கு மாற்றினாள்.

ஸ்கிரிப்டில் சிவப்பு மை வேண்டாம். உரக்கப் படிக்கச் சொன்னால் போதும். "மாநகராட்சியால் மேற்கொள்ளப்பட்டு வரும் மழைநீர் வடிகால் அமைக்கும் பணிகள் காரணமாக" என்று ஒரு பையன் எழுதி வந்தான். பாதியிலேயே மூச்சு வாங்கியது. "வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள். பள்ளி வேன் உள்ளே வருவதில்லை" என்று அவனே உடைத்து எழுதினான். ழகரம் தடுமாறுபவர்களைத் தனியே அழைத்துத் திருத்துங்கள். இரண்டாம் ஆண்டுவரை எனக்கும் மழை 'மளை'தான்.

சென்னையில் இருந்தால் 90.4இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் கேட்கச் சொல்லலாம். 2004இல் தொடங்கிய அதுதான் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி.

பெயரையும் ஊரையும் பேட்டி கொடுத்தவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இதில் மட்டும் நான் கறார்.

எடிட்டிங்கின்போது மவுஸைத் தொடாதீர்கள். சும்மா இருப்பது கடினம் என்பதால் நான் முறுக்குப் பொட்டலத்தோடு போய் உட்காருவேன்.