கொட்டாங்கச்சியில் குதிரை நடை: வீட்டிலேயே குதிரையைக் கற்றுக்கொடுக்க

குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் மார்வாரி, கத்தியவாரி, அரபு என்று இனப் பெயர்களில் ஆரம்பிக்கிறார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வாரம்கூட நிற்காது. பிள்ளையின் கையிலிருந்தே ஆரம்பியுங்கள்.

மேசைமேல் கையைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவிரல் நுனி மட்டும் பலகையில் படட்டும். மற்ற விரல்கள் மடங்கியிருக்கட்டும். குதிரை நிற்பது இப்படித்தான். காலுக்கு ஒரே விரல், அந்த விரலின் நகம்தான் குளம்பு. முன்காலில் முட்டி என்று நாம் நினைப்பது மணிக்கட்டு. பின்காலில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டு குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றோரம் மேலே இருக்கிறது. "குதிரைக்கு முட்டி பின்னால மடங்குது" என்று பிள்ளை சொன்னால் உடனே திருத்தாதீர்கள். நுனிக்காலில் நிற்கச் சொல்லி, குதிகால் எங்கே போயிற்று என்று கேளுங்கள். அதுவே கண்டுபிடித்துவிடும்.

குளம்பு நகம்தான் என்பதை மருதாணி காட்டித்தரும். கட்டைவிரல் நகம் முழுக்கச் சிவக்க வைத்துவிட்டு, அடியில் வெள்ளையாக வளர்வதை வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து எழுதட்டும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், குளம்பு 6 முதல் 10 மி.மீ. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்றுவது இதனால்தான். லாடத்தின் ஆணி குளம்பின் உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் இறங்குவதால், சரியாக அடித்தால் வலிக்காது. நகம் வெட்டும்போது வலிக்கிறதா என்று கேட்டால் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

அடுத்தது நடை. இதற்கு நாலைந்து நாள் தாராளமாக ஒதுக்குங்கள். இரண்டு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, தோளில் கைவைத்து நிற்கட்டும். முன்னால் நிற்பவர் முன்கால்கள், பின்னால் நிற்பவர் பின்கால்கள். 'வாக்' என்ற மெதுநடைக்கு வரிசை இது: பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. எப்போதும் பின்னால் நிற்பவர்தான் முதலில் எடுத்துவைக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் இடது, வலது என்று ராணுவ நடை போட்டுவிடுவார்கள். நான்கு தாளம் இரண்டாகிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நீங்கள் மெதுவாக எண்ணினால் சரியாகும். 'ட்ராட்' என்ற மிதமான ஓட்டம் சுலபம்: முன்னவர் வலது, பின்னவர் இடது, இரண்டும் ஒரே சமயம், பிறகு மாற்றி. மூலைக்கு மூலை ஜோடி சேர்வதால் இரண்டே தாளம்.

அதைவிட வேகமான 'கேன்டர்' மூன்று தாளம். காலால் செய்தால் தடுக்கி விழுவார்கள், கொட்டாங்கச்சிக்கு மாறுங்கள். நார் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்த நான்கு அரைமூடிகள் போதும், ஆளுக்கு இரண்டு. பாயில் தட்டினால் ஒலி அமுங்கும். சிமெண்ட் தரைதான் சரி. முதலில் பின் வலது. அடுத்து பின் இடதும் முன் வலதும் சேர்ந்து. பிறகு முன் இடது. அதன்பின் ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்கு ஓடுவார்கள். மௌனம் வந்ததும் கைகளைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள், நடை பிடிபடும். முழு வேகமான 'கேலப்'பில் நடுவில் சேர்ந்து விழும் ஜோடி பிரிந்து நான்கு தாளமாகிறது. அப்போது நான்கு காலும் நிலத்தை விட்டு எழும் என்பதை 1878-இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக எடுத்த படங்கள் காட்டின. பழைய ஓவியங்களில் வருவதுபோல முன்னும் பின்னும் கால் நீட்டிக்கொண்டு அல்ல, வயிற்றுக்கடியில் கால்கள் கூடியிருக்கும்போது எழுகிறது.

உயரத்துக்குக் கணக்கு நோட்டு வேண்டும். குதிரையை 'கை' என்ற அளவில் அளப்பார்கள். ஒரு கை 4 அங்குலம். தலை கணக்கில் வராது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரைதான். 15.2 கை என்றால் 15 கையும் 2 அங்குலமும், அதாவது 62 அங்குலம். தசமப் புள்ளி படித்த பிள்ளை 15.2-ஐ நான்கால் பெருக்கி 60.8 என்று எழுதும். சுவரில் 62 அங்குலத்தில் கோடு போட்டு அதன் பக்கத்தில் நிற்கவையுங்கள்.

தீனிக்குக் குடத்தை எடுங்கள். தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான், ஒரு குடத்துக்குள் அடக்கம். ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீர் குடிக்கும். 400 கிலோ குதிரைக்கு எடையில் 2 சதவீதம், அதாவது 8 கிலோ காய்ந்த புல் தேவை. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்று வைத்தால் எத்தனை கிலோ? நாற்பது வர வேண்டும். சின்ன இரைப்பை என்பதால்தான் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. கொள்ளையோ மற்ற தானியத்தையோ ஒரேயடியாகக் கொட்டினால் செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவும் முடித்த பிறகு நிஜக் குதிரையைப் பார்க்க அழைத்துப் போங்கள்: மெரினாவோ, கொடைக்கானல் ஏரிக்கரையோ, அருகிலுள்ள சவாரிப் பள்ளியோ. குதிரைக்காரரிடம் அனுமதி கேட்காமல் தொடக் கூடாது. சுமார் 350 பாகை சுற்றிப் பார்க்கும் குதிரைக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும், மூக்குக்கடியிலும் கண் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாக நெருங்க வேண்டும். காதுகள் பின்னால் ஒட்டிப் படிந்திருந்தால் விலகிவிடுங்கள். கேரட் கொடுப்பதானால் விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத்தான். விரல் வளைந்திருந்தால் கேரட் எது விரல் எது என்று அதற்குத் தெரியாது, கடித்துவிடும். பிறகு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கட்டும். நின்று ஓய்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு. நாற்பது ஐம்பது வந்தால் இப்போதுதான் சவாரி முடித்து வந்திருக்கும். ஓய்ந்தபின் திரும்ப எண்ணுங்கள்.