ஃபிக்சி வாங்கும் முன் ஃபோர்க்கைப் பாருங்கள்

தேசிய சேவை முடித்துவிட்டு வந்த என் அக்கா மகன் கேரோசெல் விற்பனைச் செயலியில் ஒரு ஃபிக்சி சைக்கிள் ஃபிரேமைக் காட்டி, “மாமா, வாங்கலாமா?” என்று கேட்டான். அழகான நீலம்தான், ஆனால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் தலைப்பகுதியில் பிரேக் மாட்டும் துளை இல்லை, அதனால் வேண்டாம் என்றேன்.

ஃபிக்சியில் பின் பல்சக்கரம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் முன் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரத்தில் நிற்காது, செயின் கழன்றுவிட்டால் அதுவும் போச்சு. சிங்கப்பூரில் ஒரு கைப் பிரேக்காவது இருக்க வேண்டும் என்று 2021 செப்டம்பர் முதல் சட்டமே இருக்கிறது. சாலையில் ஓட்டினால் தலைக்கவசமும் கட்டாயம். அதனால் முதலில் துளை, அப்புறம் அளவு, நிறம் கடைசியில். பழைய ஃபிரேம் என்றால் இருக்கைத் தண்டு சிக்கிக்கொள்ளாமல் மேலும் கீழும் நகர்கிறதா, அடியில் பெடல் அச்சு போகும் இடத்தில் துரு கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து பல் எண்ணிக்கை. நம் ஊர் பெரும்பாலும் சமதளம், பெடலோடு இருக்கும் முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னதில் 17 போதும். 48-க்கு 16 வேண்டாம், ஏனென்றால் அது சரியாக 3 மடங்கு. பெடல் ஒரு சுற்று வரும்போது சக்கரம் முழுதாக 3 சுற்று வந்துவிடும், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம் தேயும். 46-க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பரவும்.

இனி பூட்டுவது. ஹப்பின் மரையில் கிரீஸ் தடவி, பல்சக்கரத்தை வலப்பக்கமாகத் திருகி, செயின் சாட்டையால் (செயின் துண்டு மாட்டிய கைப்பிடிக் கருவி) நன்றாக இறுக்குங்கள். அதன்மேல் வரும் பூட்டு வளையத்துக்கு எதிர்மரை, இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். இதில் அவசரம் கூடவே கூடாது. வளையம் தளர்ந்திருந்தால் நீங்கள் காலால் எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று ஹப்பின் மரையையே தின்றுவிடும். இடப்பக்கப் பெடலுக்கும் எதிர்மரைதான். பிறகு பின் சக்கரத்தைப் பின்னே இழுத்து, வலப்பக்க நட்டை முதலில் பிடித்து, சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து இடப்பக்க நட்டை இறுக்குங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்திலும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலும் கீழும் அசைய வேண்டும்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சக்கரம் சுற்றும்போது செயினைத் துணியால் துடைக்காதீர்கள். மற்ற சைக்கிளில் பெடல் நின்றால் செயினும் நின்றுவிடும், இதில் நிற்காது, துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துவிடும். சக்கரத்தை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஆள் குறைவான பூங்கா இணைப்புப் பாதை நல்லது, வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். வீடு வந்ததும் வளையத்தையும் நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓட்டினால் உப்புக் காற்று, எங்கே ஓட்டினாலும் மழை. எஃகு ஃபிரேம் என்றால் நனைந்த நாளில் இருக்கைத் தண்டை உருவி, சைக்கிளைக் கவிழ்த்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். தண்டுக்கு கிரீஸ், செயினுக்கு எண்ணெய்.

புளோக் கீழ்த்தளத்தில் நிறுத்தினால் ‘யூ’ வடிவப் பூட்டு ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சைக்கிள் நிறுத்தும் தாங்கியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் பூட்டினால் மீதியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஃபிரேம் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டு வாசலில் வைப்பதாக இருந்தால் சுவரோடு ஒட்டி வையுங்கள், நடைவழியில் 1.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும்.