கிட்னி ப்ராப்ளம் இருக்கிற வயசான பூனைக்கு வீட்டுலயே டிரிப் போடுறது எப்படி

எங்க பொம்மிக்கு 15 வயசு ஆகுது. காசிமேட்டுல மீன் ஏலம் போடுற இடத்துக்குப் பக்கத்துல ஐஸ் பெட்டிக்கு அடியில கத்திக்கிட்டு இருந்த குட்டிய எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில போட்டு எடுத்துட்டு வந்தாரு, அன்னில இருந்து தண்டையார்பேட்டையில இதே வீட்டுலதான் இருக்கா. போன வருஷம் திடீர்னு தண்ணியா குடிக்க ஆரம்பிச்சா. லாரித் தண்ணி பிடிச்சு வெச்சிருக்கிற குடத்து மூடிய நக்குவா, பாத்ரூம் பக்கெட்டுல தலைய விடுவா, மண் தட்டுல மூத்திரக் கட்டி முன்னவிட ரெண்டு மடங்கு. வெயில்னு நெனைச்சு விட்டுட்டேன். ரெண்டு மாசத்துல முதுகெலும்பு கையில தட்டுப்பட்டுச்சு. ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு) 3.9. பூனைக்கு 2.9ல இருந்து 5 வரைக்கும் கிட்னி நோயில மூணாவது ஸ்டேஜ்னு டாக்டர் சொன்னாங்க.

உங்க வீட்டுப் பூனைக்கு ஏழெட்டு வயசு தாண்டி தண்ணி குடிக்கிறது கூடுச்சுன்னா வெயில் மேல பழிய போடாம ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க.

கிட்னி கெட்டுப்போனா மூத்திரத்த கெட்டியாக்க முடியாது, தண்ணி தண்ணியா வெளிய போயிட்டே இருக்கும், அது எவ்வளவு குடிச்சாலும் ஈடு கட்டாது, உடம்பு வறண்டு போய் சாப்பாடு இறங்காம வாந்தி எடுக்கும். அதுக்குத்தான் தோலுக்கு அடியில டிரிப். நரம்பு தேட வேண்டியதில்ல, தோலுக்கும் சதைக்கும் நடுவுல தண்ணிய விட்டா சில மணி நேரத்துல உடம்பு மெதுவா இழுத்துக்கும். போன கிட்னி இதனால திரும்பி வராது. ஆனா பூனை நிம்மதியா இருக்கும், சாப்பிடும்.

முதல் பத்து நாள் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல தூக்கிட்டுப் போனேன். போக வர ஆகுற நேரமும் நாய் குரைக்கிற சத்தமும் சேர்ந்து, வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில போனா ராத்திரி வரைக்கும் வரமாட்டா. அப்புறம்தான் டாக்டர்கிட்ட கேட்டு நானே கத்துக்கிட்டேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

எவ்வளவு மில்லி, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு டாக்டர்தான் எழுதித் தரணும். பொம்மி 3.2 கிலோ, அவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லி. இது அவ கணக்கு, உங்க பூனைக்கு எடுத்துக்காதீங்க. இதயம் சரியா இருக்கான்னும் பார்த்துடச் சொல்லுங்க, இதய நோய் இருக்கிற பூனைக்கு இந்தத் தண்ணியே நுரையீரல்ல போய் கட்டிக்கும்.

வாங்க வேண்டியது

ஆர்எல் 500 மில்லி பாட்டில் (ரிங்கர் லாக்டேட்), சாதா ஐவி செட் (பாட்டில்ல இருந்து ஊசிக்கு வர்ற டியூப்), 18 இல்லனா 20 நம்பர் ஊசி, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கவனம். நம்ம ஏரியாவுல எந்த டிரிப்பையும் குளுக்கோஸ்னுதான் சொல்லுவோம். பக்கத்து வீட்டு அக்கா கூட பார்த்துட்டு "இன்னாமா, பூனைக்கு குளுக்கோஸ் ஏத்திக்கினு கீற"ன்னாங்க. மெடிக்கல்ல போய் அப்படிக் கேட்டீங்கன்னா 5டியோ டிஎன்எஸ்ஸோ எடுத்துக் குடுத்துடுவாங்க, ரெண்டுலயும் நிஜமாவே சர்க்கரை இருக்கு. அத தோலுக்கு அடியில விட்டா எரியும், புண்ணாகி சீழ் வைக்கும். டாக்டர் சீட்டக் காட்டுங்க, பாட்டில் மேல எழுதியிருக்கிறத ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க.

செட்லயும் ஒரு வம்பு இருக்கு. எனக்கு ஒரு தடவை மைக்ரோ செட் குடுத்துட்டாங்க, குழந்தைங்களுக்குப் போடுறது, பொட்டுப் பொட்டா விழுந்து இருபது நிமிஷமாகியும் பாதி கூட இறங்கல. சாதா செட்டுன்னு கேட்டு வாங்குங்க.

ஊசியில என் ஓட்டு 18 நம்பருக்கு. பார்க்க தடியா இருக்கும், பயமா இருக்கும், ஆனா அஞ்சு ஆறு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும். வலிக்குமேன்னு 23 நம்பர்ல போட்டா அரை மணி நேரம் பிடிச்சு வெக்கணும், பூனைக்கு ஊசியவிட பிடிச்சு வெக்கறதுதான் ஆகாது.

செட் மாட்டுறது

கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. செட்ல இருக்கிற உருளைய (தண்ணி ஓடுறத நிறுத்துற குட்டி சக்கரம்) மூடிட்டு பாட்டில்ல குத்துங்க, தொங்க விடுங்க, சேம்பர (சொட்டு விழுற குட்டிக் குப்பி) அமுக்கி பாதி நிரப்புங்க, உருளையத் திறந்து டியூப்ல இருக்கிற காத்தெல்லாம் போக விட்டு மூடுங்க. தண்ணி நின்னு நின்னு வந்தா சேம்பர் பக்கத்துல குட்டி மூடி ஒண்ணு இருக்கும், அதத் திறக்கணும். ஒண்ணு ரெண்டு குமிழி தோலுக்கு அடியில போனா ஒண்ணும் ஆகாது, நரம்புல போடுற டிரிப்புக்குத்தான் அந்த பயம்.

தொங்க விட எங்க வீட்டுல தூளி கட்டுற கொக்கி இருக்கு, பையன் பிறந்தப்போ போட்டது. அதுல கயிறு கட்டி பாட்டில இறக்கி, நான் தரையில உக்காந்தா தலைக்கு மேல ரெண்டு அடி இருக்கிற மாதிரி வெச்சிருக்கேன். உயரமா இருந்தா வேகமா இறங்கும். ஜன்னல் கம்பியும் போதும். பாட்டில்ல எந்தக் கோடு வரைக்கும் இறங்கணுமோ அங்க முன்னாடியே மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க, பூனைய பிடிச்சுக்கிட்டு கணக்கு போட முடியாது.

மார்கழி, தை மாசத்துல பாட்டில வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் வெச்சு எடுங்க, மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, குழந்தைக்குப் பால் பார்க்கிற மாதிரி. மைக்ரோவேவ்ல வெக்கவே கூடாது, ஒரு பக்கம் கொதிச்சுப் போயிருக்கும்.

குத்துறது (நான் தோத்த இடம்)

மத்ததெல்லாம் ஒரு நாள்ல வந்துடும், இதுக்கு மட்டும் எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. எல்லாரும் "தோலத் தூக்கிக் குத்துங்க"ன்னுதான் சொல்லுவாங்க. நானும் தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல தோல நல்லா உயரமா தூக்கி, குறுக்கால குத்தினேன். தண்ணி ஜோரா இறங்குச்சு. பொம்மியும் சும்மா இருந்தா. முடிச்சுட்டுப் பார்த்தா முடியெல்லாம் நனைஞ்சிருக்கு, மடியில விரிச்ச லுங்கியும் நனைஞ்சிருக்கு. ஊசி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளிய வந்திருக்கு. மூணு தடவை இப்படியே ஆச்சு, மூணு தடவையும் அவளுக்கு ஒரு சொட்டு கூட போகல, நாலாவது நாள் வாந்தி எடுத்தா. அன்னிக்கு நான் அழுதுட்டேன்.

தப்பு எங்கன்னா, வயசான மெலிஞ்ச பூனைக்குத் தோல் மெல்லிசு, உயரமா இழுத்தா ரெண்டு தோலும் ஒட்டிப் போயிடுது, நடுவுல இடமே இல்ல. இழுக்கறது முக்கியம் இல்ல, உள்ள ஒரு குகை மாதிரி இடம் பண்ணணும்.

இடது கைக் கட்டைவிரலாலயும் நடுவிரலாலயும் தோலத் தூக்குங்க. ஆள்காட்டி விரல அந்த மடிப்போட வால் பக்கத்துல வெச்சு லேசா அமுக்குங்க, அங்க ஒரு குழி விழும், கூடாரத்துக்கு வாசல் மாதிரி. அந்தக் குழியிலதான் குத்தணும். வால் பக்கத்துல இருந்து தலைப் பக்கமா, முதுகெலும்புக்கு இணையா, மடிப்போட அடியில. ஊசி நுனியில சாய்வா வெட்டியிருக்கும், அந்த வாய் மேல பார்க்கணும். மெதுவா குத்தாதீங்க, மெதுவாக் குத்தினாதான் வலி. ஒரே மூச்சுல உள்ள விடுங்க, ஊசிய தள்ளும்போதே இடது கையால தோல ஊசி மேல இழுத்து விடுங்க.

இத நான் தலைகாணி உறையில பழகினேன். உறைய அதே மாதிரி மடிப்பாத் தூக்கி, ஊசி ரெண்டு துணிக்கும் நடுவுல நிக்கணும், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு சாயங்காலம் முழுக்க செஞ்சேன், மறுநாள் சரியா வந்துச்சு.

உருளையத் திறந்ததும் சேம்பர்ல தண்ணி ஓடணும். ஓடலனா ஊசி தோலுக்குள்ளயே மாட்டியிருக்கு, இல்ல நுனி சதையில முட்டுது, துளி பின்னாடி இழுங்க, இல்லனா லேசா திருப்புங்க. ஓடுற நேரம் முழுக்க ஒரு விரலால ஊசிக்கு அந்தப் பக்கத்து முடியத் தொட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா உடனே நிறுத்துங்க.

முடிச்சதும்

உருளைய மூடி, ஊசிய உருவி, ஓட்டைய ஒரு நிமிஷம் விரலால அழுத்திப் பிடிங்க. ஒரு சொட்டு ரத்தம் வந்தா பயப்படாதீங்க. முதுகுல ஒட்டகத் திமில் மாதிரி வீங்கி இருக்கும், அப்புறம் அது நகர்ந்து முன்னங்காலுக்கு இறங்கி ஒரு கால் மட்டும் குண்டா தெரியும், சாதாரணம்தான். அடுத்த டிரிப் போடுற நாள்லயும் வீக்கம் அப்படியே இருந்தா அதுக்கு மேல ஏத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஒவ்வொரு தடவையும் புது ஊசி. முடிச்சதும் டியூப் நுனியில புது ஊசி ஒண்ண மூடியோட மாட்டி வெச்சுடுங்க. தண்ணி கலங்கினா, ஏதாவது மிதந்தா, பாட்டிலோட தூக்கிப் போடுங்க, நல்லா இருந்தாலும் திறந்த பாட்டில ஒரு வாரத்துக்கு மேல வெக்காதீங்கன்னு எங்க டாக்டர் சொல்லியிருக்காங்க. பழைய ஊசிய குப்பையில போடாதீங்க, குப்பை அள்ள வர்றவங்க கையில குத்தும், நான் காலி பினாயில் பாட்டில்ல சேர்த்து கிளினிக்ல குடுத்துடுறேன்.

சாப்பாடு

காசிமேட்டுப் பூனைக்கு மீன் வேண்டாம்னு சொல்றது கஷ்டம். ஆனா முள்ளுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கிட்னிக்கு அதுதான் விரோதி, அதனால முள்ளோட நெத்திலி நிறுத்தியாச்சு, உப்பு இருக்கிறதால கருவாடு கிட்டயே காட்டறதில்ல. கிட்னிக்குன்னு விக்கிற தீனிய ஒரு மாசம் கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்கினேன். பட்டினி போட்டா தானா சாப்பிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறிடும், அது உயிரையே எடுத்துடும். சாப்பிடவே மறுத்தா வாந்திக்கும் பசிக்கும் மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

சுணங்கிக் கிடக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, அரை மாத்திரை கூட வேண்டாம். அத முறிக்கிற சக்தி பூனை உடம்புல இல்ல, செத்துப் போயிடும்.

அப்டேட் 1: ஊசி கலர் சொல்லுங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. 18 ரோஸ், 20 மஞ்சள். ஆனா கடையில "ரோஸ் கலர்"னு மட்டும் கேக்காதீங்க, கையில குத்தி வெக்கிற கேனுலாவுல ரோஸ்னா 20, பச்சைதான் 18. ஒருத்தங்க அப்படிக் கேட்டு கேனுலா வாங்கிட்டு வந்துட்டாங்க. நம்பரும் சொல்லுங்க, "ஊசி மட்டும்"னும் சொல்லுங்க.

அப்டேட் 2: தனியா இருக்கிற ஒருத்தர் 50 மில்லி சிரிஞ்சும் ஸ்கால்ப் வெயின் செட்டும் (குட்டி டியூப் வெச்ச ஊசி) வெச்சு செய்யறதா எழுதியிருந்தாரு. செய்யலாம். எனக்கு சரிப்படல, தள்ளத் தள்ள கை நடுங்குது, ரெண்டு தடவை நிரப்பணும். பூனை ஒரு இடத்துல நிக்காதுன்னா மட்டும் அது பரவாயில்ல.

அப்டேட் 3: டிரிப் போட்ட மறுநாள் பூனை மூச்சு வாங்குதுன்னு ஒருத்தங்க கேட்டிருந்தீங்க. இத நான் முதல்லயே எழுதியிருக்கணும். பூனை நல்லாத் தூங்கும்போது விலா ஏறி இறங்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஏறி இறங்கினா ஒண்ணு. பொம்மிக்கு 20, 22 வரும், ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாடியும் எண்ணி காலண்டர்ல எழுதிடுவேன். 30க்கு மேல போனா, இல்ல வாயத் திறந்து மூச்சு விட்டா, அன்னிக்கு ஊசிய எடுக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் ஆட்டோவப் பிடிச்சு டாக்டர்கிட்ட போயிடுங்க.