சி டிரைவில் இடம் குறைந்தால்
கடலூரில் எங்கள் வீட்டுக் கணினியின் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டியபோது, சில்வர் பீச்சில் எடுத்த வீடியோக்களே பெரும்பகுதியை அடைத்திருந்தன. விண்டோஸில் ஒரு கோப்பை வேறு டிரைவுக்கு இழுத்துப் போட்டால் நகல்தான் உருவாகும். மூலக்கோப்பு பழைய இடத்திலேயே இருப்பதால் இடம் சிறிதும் மிச்சமாகாது. ஷிப்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் கோப்பு இடம் மாறும். ஆயினும், திரும்பக் கிடைக்காத படங்களென்றால் முதலில் நகலெடுத்து, நகல் போய்ச் சேர்ந்த டி டிரைவில் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்து, இரு கோப்புறைகளின் அளவும் ஒன்றுதானா என்று, வலது கிளிக்கில் வரும் ப்ராப்பர்ட்டீஸில் சரிபார்த்த பிறகே மூலத்தை அழிப்பது என் வழக்கம். ஏனெனில், கோப்புகள் நகரும்போது நடுவில் மின்சாரம் போவது இங்கே புதிதன்று. அழித்தவை ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், அதையும் காலி செய்ய வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்குள்ளவற்றை நகர்த்தினால் மென்பொருள்கள் இயங்காமல் போகக்கூடும்.