ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கைக்கு ஒரு வேலை: குரோஷா

சொந்தக்காரர் யாரோ ஐசியுவில் இருக்க, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே விடுவது காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் போனைத் தேய்த்து, அதே நோயின் பெயரைத் திரும்பத் திரும்பத் தேடிப் படித்துப் பயந்துகொண்டிருப்போம். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

இந்த இடத்துக்கு, இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கைவிட, கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாதான் தோது. நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணி முழுக்க ஊசியில் தொங்கும், "மூணாம் நம்பர் பெட் அட்டெண்டர் யாரு?" என்று நர்ஸ் குரல் கொடுத்ததும் எழுந்து ஓடினால் பாதி நழுவிவிடும். குரோஷாவில் ஒரு தையலை முடித்து நிறுத்தினால் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. அதில் ஓர் ஊக்கை மாட்டிப் பைக்குள் போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டால் பெரும்பாலும் டீப்பாய் விரிப்பு போடும் மெல்லிய ஸ்டீல் ஊசியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம், கண் வலிக்கும். 4 மி.மீ ஊசி, கொஞ்சம் தடிமனான காட்டன் நூல், அதுவும் வெளிர் நிறத்தில் ஒரே நிறம். உல்லன் நூல் வியர்த்த கையில் ஒட்டும். கறுப்பும் கருநீலமும் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணி எது, ஓட்டை எது என்றே தெரியாது.

நூலை இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி ஆள்காட்டி விரலுக்கு மேலாகக் கொண்டுவாருங்கள், அப்போதுதான் அளவாக இறங்கும். சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டி, ஊசிக் கொக்கியால் நூலைப் பிடித்து அந்தக் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு செயின். அப்படி 21 போடுங்கள். இப்போது ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஊசியை நுழைத்து நூலை இழுங்கள், ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுத்தால் ஒரு சிங்கிள். வரிசை முடிய 20 சிங்கிள் வரும். அப்புறம் ஒரு செயின் போட்டுத் திருப்பி, திரும்ப அதே 20, துண்டு சதுரமாக வரும்வரை. (அமெரிக்க வீடியோவில் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் என்பார்கள், குழம்ப வேண்டாம்.)

அவ்வளவுதான், இதற்கு மேல் எதுவும் கற்றுக்கொள்ளாதீர்கள். குழந்தை ஃபிராக், பொம்மை, பூ டிசைன் எல்லாம் கணக்கு வைத்துப் பின்ன வேண்டியவை. ஏற்கெனவே டாக்டர் சொன்னதே மண்டையில் ஏறாத நேரத்தில் அது இன்னொரு பரீட்சை. கண்ணை மூடினாலும் கை ஓடுகிற அளவுக்குச் சலிப்பான பின்னல்தான் வேண்டும். "என்ன போடறீங்க?" என்று பக்கத்து நாற்காலி அம்மா கண்டிப்பாகக் கேட்பார், "சும்மா ஒரு துண்டு" என்று சொல்லிவிடுங்கள். சதுரங்கள் நிறையச் சேர்ந்தால் பிறகு இணைத்துப் போர்வையாக்கலாம். 2016 ஜனவரியில் சென்னையில் அப்படித் துண்டு துண்டாகப் பின்னி இணைத்துத்தான் 11,148.5 சதுர மீட்டர் போர்வையோடு கின்னஸில் ஏறினார்கள். நமக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: மனசு கலங்கும்போது கை தானாக நூலை இறுக்கும், அடுத்த வரிசையில் ஊசி நுழையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பலமாகக் குத்தாதீர்கள். தோளைத் தளர்த்தி, நான்கு சிங்கிளுக்கு மூச்சை இழுத்து அடுத்த நான்குக்கு விட்டுப் பாருங்கள். அப்படியும் இறுகினால் 5 மி.மீ ஊசிக்கு மாறுங்கள்.

இது வேலை செய்யுமா என்றால், பிரிட்டனில் 2013இல் ஆக்குபேஷனல் தெரபி இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் 3,545 நிட்டிங் ஆட்களிடம் கேட்டிருக்கிறார்கள், அடிக்கடி பின்னுகிறவர்கள்தான் அதிகம் அமைதியாக உணர்வதாகச் சொன்னார்கள். ஆனால் ஏற்கெனவே பின்னப் பிடித்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது அது, மருந்து மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. கை ஓடியும் தூக்கமே வராமல், படபடப்பு அடங்காமல் நாட்கள் போனால் 14416க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள், வலிக்காவிட்டாலும் அரைமணிக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். பின்னலை ஐசியுவுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஊக்கோடு அப்படியே சோப்புத் தண்ணீரில் அலசி ஃபேனுக்கு அடியில் விரித்துவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும், ஊக்கு மட்டும் துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும்.