மறைந்து நிற்காதீர்கள்: முதல் முறை வாகனத் தணிக்கைக்குப் போகிறவர்களுக்கு

"டிராஃபிக்குக்கு மாத்திட்டாங்க ஐயா, நாளைக்கு முதல் தணிக்கை. எப்படி நிக்கணும்?" என்று போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டார். கேரள எல்லையில், தென்காசி மாவட்டத்துப் புளியரை, செங்கோட்டைப் பக்கம் பல வருஷம் ரோட்டில் நின்று ஸ்பெஷல் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள். கொல்லம் ரோட்டில் புளியரை தாண்டினால் எஸ் வளைவு. ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியே அடிக்கிற சாரலில் அங்கே ரோடு காயவே காயாது. மலையிறங்கும் லாரிக்காரர் கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவார். அவரைத் திடீரென்று கை காட்டி நிறுத்தினால் பின்னால் வரும் பைக்குக்கு ஒதுங்க இடம் இல்லை. அதனால் வளைவு, பாலம், இறக்கம் மூன்றும் வேண்டாம். பேரிகேட் வைத்ததும் ரெண்டு பக்கமும் இருநூறு எட்டு நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். அங்கிருந்து நீங்கள் தெரிந்தால்தான் அது தணிக்கைக்கு ஏற்ற இடம். ஓரத்தில் மூன்று வண்டியாவது ஒதுங்கி நிற்க மண் தரையும் வேண்டும்.

நான் இதைப் படித்தது ஒரு பையனின் காலால். சர்வீஸின் ஆரம்பத்தில், எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்களே என்று ஒரு புளியமரத்தை ஒட்டிய வளைவில் மறைந்து நின்றோம். இடம் பார்த்தது நான்தான். ஹெல்மெட் இல்லாமல் வந்த பையன் பத்தடி தூரத்தில் எங்களைக் கண்டு, பதறி வண்டியைத் திருப்பினான். எதிரே வந்த வேன் அவன் காலை முறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒரு ஃபைனுக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் மறைந்து நின்றதில்லை.

தெரியும்படி நின்றால் சிலர் திரும்பிப் போவார்கள்தான். போகட்டும். துரத்தாதீர்கள், ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள், சாவியைப் பிடுங்காதீர்கள். நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ போதும், இ-சலான் வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.

நிறுத்தும்போது ஓடும் வண்டிக்கு நேரே போகாமல் இடது ஓரத்தில் நில்லுங்கள். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் பகலிலும் கழற்ற வேண்டாம். தூரத்திலேயே கை காட்டி, ஒதுங்க வேண்டிய இடத்தையும் கையாலேயே காட்டுங்கள். கேரள வண்டி என்றால் "ஒதுக்கி நிர்த்தூ சேட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதி பதற்றம் அடங்கிவிடும். யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ் கேட்டால் லைசென்ஸ் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு. போனில் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்களில் இருந்தால் அதுவும் அசல்தான். "ஒரிஜினல் எங்கே?" என்று வம்புக்கு நிற்காதீர்கள்.

எல்லையில் தினமும் வரும் வாக்குவாதம் ஒன்று உண்டு. ஹெல்மெட் இல்லாததற்கு நம் பக்கம் 1,000 ரூபாய், கேரளத்தில் 500. "அங்கே பாதிதானே?" என்று கேட்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை, நிஜமாகவே குழம்பியிருப்பார். அபராதத் தொகையை அந்தந்த மாநில அரசு நிர்ணயிக்கிறது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் கூட்டினார்கள் என்று ஒரு தரம் பொறுமையாகச் சொல்லுங்கள். சலான் அடித்துக் கையில் கொடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் அடுத்த நாள் அந்த ரோட்டில் உங்கள் கைக்கு மரியாதை இருக்காது.

சாரல் சீசனில் இன்னொரு வேலை சேரும். தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளக் கார்கள் ரோட்டோரமே நின்றுவிடும். அங்கே கேஸ் போடுவதைவிட, காலையிலேயே ஓர் ஆளை நிறுத்தி வண்டிகளை வரிசையாக ஒதுக்கிவிடுவது நல்லது.

ராத்திரி டி.டி. கேஸ், அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள். ஊதிப் பார்க்கும் மெஷினில் ஒவ்வொருவருக்கும் புதுக் குழல் மாட்டுங்கள், அதன் உறையை அவர் கண் முன்னாலேயே பிரியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ வரலாம். அந்த ஆளை நட்டநடு ரோட்டில் விட்டுவிடாதீர்கள். கூட வந்தவர் குடிக்காமல், லைசென்ஸோடு இருந்தால் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை அவரிடம் கொடுக்கலாம். யாரும் இல்லை என்றால் வீட்டுக்குப் போன் போடுங்கள்.

கண் முன்னால் விபத்து நடந்தால் தணிக்கையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் தமிழ்நாடு அரசின் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அது. எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். தூக்கிவிட வந்தவரிடம் பேர், ஊர் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அவர் விரும்பினால் மட்டும் சொல்லலாம் என்று சட்டமே இருக்கிறது.

முடித்துக் கிளம்பும்போது அசதியில் எல்லோரும் செய்கிற தப்பு, தூரத்தில் வைத்த எச்சரிக்கைப் பலகையை முதலில் எடுத்துவிடுவது. வைக்கும்போது அந்தப் பலகையை முதலில் வையுங்கள், அப்புறம் பேரிகேட். எடுக்கும்போது பேரிகேட்டை முதலில் எடுத்து ஜீப்பில் ஏற்றுங்கள். நம் ஆள் ஒருவர் கூட ரோட்டில் இல்லை என்று எண்ணிப் பார்த்த பிறகு, ஓரமாகவே நடந்துபோய்ப் பலகையைக் கடைசியில் எடுத்து வாருங்கள்.